பெரிய ஜூரியும் சின்ன ஜூரியும்

அமெரிக்காவில் செட்டிலாகி அந்நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்ட நம் சீனியர்களுக்கு என்றாவது ஒரு நாள் தபாலில் ஒரு சம்மன் வரலாம். "கிராண்ட் ஜூரி பணிக்கு ஆஜராகவும்" என்று இருக்கும். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டோமோ என்று முதலில் வயிற்றைக் கலக்கும். அப்புறம்தான் புரியும், நாம் குற்றவாளி இல்லை, இன்னொருவர் மேல் குற்றம் சாட்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று. ஃபெடரல் கோர்ட்டாக இருந்தால் இந்தப் பணி 18 மாதம் வரைகூட நீளும். தினமும் போகவேண்டியதில்லை, கூப்பிடுகிற நாட்களில் போனால் போதும்.

"அட, இந்த மாதிரி ஏற்பாடு நம்ம ஊர்ல இல்லையேப்பா!" என்று நண்பர்கள் ஆச்சரியப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இன்று இல்லை என்பது உண்மை. ஆனால் இருந்தது. அதுவும் வேறெங்கோ இல்லை, நம் ராயபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கடற்கரை ஓரத்தில், ஏறக்குறைய 200 வருஷம் இருந்தது. இந்த மலரில் இஞ்சினியருக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

இரண்டு ஜூரிகள்

ஜூரி என்றதும் நமக்குப் பழைய சினிமாவில் வரும் கோர்ட் காட்சி ஞாபகம் வரும். வரிசையாகக் கனவான்கள் உட்கார்ந்திருப்பார்கள், வக்கீல் "கனம் ஜூரி அவர்களே!" என்று கர்ஜிப்பார். அது சின்ன ஜூரி. விசாரணை முழுவதையும் கேட்டு, இவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது அதன் வேலை.

கிராண்ட் ஜூரி, அதாவது பெரிய ஜூரி, அதற்கு முன்னால் வருவது. இந்த ஆளை விசாரணைக் கூண்டில் ஏற்றுவதற்கே போதுமான ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. பெரிய அதிகாரம் என்பதால் வந்த பெயர் இல்லை இது. தலைகள் அதிகம், அவ்வளவுதான். ஆங்கிலேய வழக்கப்படி சின்ன ஜூரியில் 12 பேர், பெரிய ஜூரியில் 23 பேர் வரை. அந்த 23 பேரில் குறைந்தது 12 பேராவது சரி என்று சொன்னால்தான் குற்றச்சாட்டு நிற்கும். நின்றால் அந்தக் காகிதத்தின் பின்பக்கம் "உண்மையான பில்" என்று எழுதுவார்கள். ஆதாரம் போதாது என்றால், "எங்களுக்குத் தெரியாது" என்று பொருள்படும் "இக்னோராமஸ்" என்ற லத்தீன் சொல்லை எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆள் வீட்டுக்குப் போகலாம்.

பிராசிக்யூஷன் தரப்புச் சாட்சிகளை மட்டும்தான் அவர்கள் கேட்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கோ அவருடைய வக்கீலுக்கோ உள்ளே இடமில்லை. கதவு மூடியிருக்கும். உள்ளே பேசியதை வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் வேறு.

இங்கேதான் நம்ம தொழில் வருகிறது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த எல்லாருக்கும் "ஹோல்ட் பாயிண்ட்" தெரியும். பிரஷர் வெசல் செய்யும்போது, ஒரு கட்டத்தில் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும். வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, வெல்டைப் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். புரொடக்ஷன் மேனேஜர் தலைகீழாக நின்றாலும் நகராது. அந்த இன்ஸ்பெக்டர் நம் கம்பெனியின் புரொடக்ஷன் கணக்கில் சம்பளம் வாங்காதவர் என்பதுதான் முக்கியம். கிராண்ட் ஜூரியும் ஒரு ஹோல்ட் பாயிண்ட்தான். குற்றம் சாட்டுகிறவன் ஒருவன், சரிபார்க்கிறவன் வேறொருவன்.

பக்கத்து ஊர்க்காரன் சொன்னால் சரி

இந்த ஏற்பாட்டின் வேர் 1166-ஆம் வருஷத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி அரசன் கிளாரண்டனில் போட்ட சட்டம் அது. ஒவ்வொரு வட்டாரத்திலும் 12 நேர்மையான ஆட்கள், தங்கள் பகுதியில் யார் யார் கொள்ளைக்காரன், கொலைகாரன் என்று சந்தேகப்படுகிறார்களோ அவர்கள் பெயரைச் சத்தியம் செய்து சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் போலீஸ் கிடையாது. ஊருக்குள் நடப்பது ஊர்க்காரனுக்குத்தான் தெரியும் என்ற எளிய கணக்கு.

ஆக, ஆரம்பத்தில் இது அரசனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடு. ஆனால் ஊர்க்காரன் சொன்னால்தான் பிடிக்கலாம் என்று ஆனபிறகு, ஊர்க்காரன் "மாட்டேன்" என்றும் சொல்லலாம் அல்லவா? சில நூற்றாண்டுகளில் அதுவும் நடந்தது. 1734-இல் நியூயார்க்கில் ஜான் பீட்டர் ஜெங்கர் என்ற பத்திரிகைக்காரர் கவர்னரைத் தாக்கி எழுதினார். அவர்மேல் அவதூறு வழக்குப் போட கிராண்ட் ஜூரியிடம் போனார்கள். இரண்டு தடவை போயும் ஜூரி மறுத்துவிட்டது. சர்க்கார் வக்கீல் சுற்றுவழியில் வழக்கைக் கொண்டுவந்தார். 1735-இல் சின்ன ஜூரியும் அவரை விடுதலை செய்தது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கி அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான குற்றங்களுக்குக் கிராண்ட் ஜூரி இல்லாமல் யாரையும் வழக்கில் நிறுத்தக்கூடாது என்று 1791-இல் ஐந்தாவது திருத்தத்தில் எழுதி வைத்தார்கள்.

இதற்கு 126 வருஷம் முன்பே இந்தக் கிராண்ட் ஜூரி கப்பலேறி நம் ஊர்க் கரைக்கு வந்துவிட்டது.

கோட்டைக்குள் ஒரு கொலை வழக்கு

1665. புனித ஜார்ஜ் கோட்டை கட்டத் தொடங்கி 25 வருஷம். அசென்ஷியா டாஸ் என்ற பெண்மணி, தன்னிடமிருந்த அடிமைப் பெண்ணைக் கொன்றுவிட்டதாகப் புகார். கோட்டையின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட்டுக்குத் தலைவலி. கம்பெனியின் ஏஜென்ட் என்பவர் வியாபாரம் பார்க்க வந்தவர். மரண தண்டனை வரை போகக்கூடிய வழக்கை நடத்த அவருக்கு அதிகாரம் உண்டா? லண்டனுக்கு எழுதிக் கேட்டார்கள். 1661-ஆம் வருஷத்து அரச சாசனம் கவர்னருக்கும் கவுன்சிலுக்கும் நீதி வழங்கும் அதிகாரம் தந்திருந்தது. சரி, ஏஜென்ட்டைக் கவர்னர் ஆக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்தது! சென்னைக்கு "கவர்னர்" என்ற பதவி வந்த கதை இதுதான். ஒரு அடிமைப் பெண்ணின் சாவு அதற்குக் காரணமாக இருந்தது.

கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டை ஏற்றது. சின்ன ஜூரியில் 6 ஆங்கிலேயர், 6 போர்ச்சுகீசியர். அவர்கள் முதலில் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. கொலை செய்தது உண்மை, ஆனால் குற்றச்சாட்டில் சொன்ன விதத்திலும் முறையிலும் இல்லை! இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டம் படித்தவர் ஒருவர்கூடக் கோட்டையில் கிடையாது. திரும்பவும் யோசித்துச் சொல்லுங்கள் என்றதும், "குற்றவாளி இல்லை" என்று முடித்துவிட்டார்கள். எஜமானி விடுதலை.

இந்தியாவில் ஆங்கிலேய முறைப்படி ஜூரி வைத்து நடந்த முதல் வழக்கு என்று சரித்திரப் புத்தகங்கள் இதைக் குறிக்கின்றன. ஜூரியின் நோக்கமே அக்கம்பக்கத்தார் தீர்ப்பு என்பது. இந்த வழக்கில் அக்கம்பக்கத்தார் யார்? எஜமானியின் அக்கம்பக்கத்தார்! செத்துப்போன பெண்ணின் பக்கத்தைச் சேர்ந்தவர் ஒருவரும் பெட்டியில் இல்லை. அடுத்த 200 வருஷத்துக்கும் இந்தக் கோணல் தொடர்ந்தது.

கடற்கரை கோர்ட்

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 1678-இல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், கவர்னரும் கவுன்சிலும் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து 12 பேர் ஜூரியுடன் வழக்குகளைக் கேட்பார்கள் என்று முறைப்படுத்தினார். 1726-ஆம் வருஷத்து சாசனத்தின்படி வருஷத்துக்கு நாலு தடவை செஷன்ஸ். ஜூரிகளைக் கூட்டிவருவது ஷெரீஃபின் வேலை. 1798-இல் ரெக்கார்டர் கோர்ட், 1801-இல் சுப்ரீம் கோர்ட். டெல்லியில் இருப்பது இல்லை, மதராஸ் சுப்ரீம் கோர்ட்! அதன் முதல் தலைமை நீதிபதி சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச்.

அந்தக் கோர்ட் பின்னாளில் நடந்த கட்டடம், இன்று சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை நிற்கும் இடத்தில் இருந்தது. பெண்டிங்க் கட்டடம் என்று பெயர். 1862-இல் சுப்ரீம் கோர்ட் போய் ஹைகோர்ட் வந்தபோதும் அங்கேயேதான். இப்போது நாம் பார்க்கிற சிவப்புக் கட்டடத்துக்கு ஹைகோர்ட் மாறியது 1892-இல். கிராண்ட் ஜூரி காலத்தில் எதிரே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகில்தான் ஆட்களும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். 1856-இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்து, மேற்கே வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியபோதும் கிராண்ட் ஜூரி உயிரோடுதான் இருந்தது.

செஷன்ஸ் தொடங்கும் நாளில் நீதிபதி கிராண்ட் ஜூரியைப் பார்த்து உரை நிகழ்த்துவார். இந்தத் தடவை என்னென்ன வழக்குகள், சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்குவார். அதன்பின் அவர்கள் தனி அறைக்குப் போய், பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வைக்கவேண்டியதை வைத்து, தள்ளவேண்டியதைத் தள்ளுவார்கள்.

யார் உட்கார்ந்தார்கள்?

ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் மட்டும். கடற்கரையோரம் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள்தான் நகரத்தின் "அக்கம்பக்கத்தார்". கறுப்பர் நகரத்தில், அதாவது பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆன இடத்தில், கோடி கோடியாக வியாபாரம் செய்த செட்டியாருக்கும் முதலியாருக்கும் ஜூரியில் இடமில்லை.

இதனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் கல்கத்தாவில் நடந்தது. 1775-இல் மகாராஜா நந்தகுமார், வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். சில வாரங்களில் நந்தகுமார் மேலேயே பழைய பத்திரம் ஒன்றை ஃபோர்ஜரி செய்ததாக வழக்கு. கிராண்ட் ஜூரி "உண்மையான பில்" என்றது. சின்ன ஜூரி "குற்றவாளி" என்றது. அந்த வருஷம் ஆகஸ்ட் 5-ஆம் தேதி தூக்கு. சட்டப்படி எல்லா வாசலும் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்சியாளரின் இனத்தார்தான் நின்றிருந்தார்கள். ஹோல்ட் பாயிண்ட் இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டருக்குச் சம்பளம் அதே கம்பெனியில்!

1826-இல் லண்டன் பார்லிமெண்ட் ஒரு ஜூரி சட்டம் போட்டது. இந்தியர்களும் ஜூரியில் உட்காரலாம் என்றது. கேட்க நன்றாக இருக்கும். உள்ளே ஒரு கொக்கி. கிராண்ட் ஜூரியில் கிறிஸ்தவர்கள் மட்டும்தான். கிறிஸ்தவர் மேல் வழக்கு என்றால் சின்ன ஜூரியிலும் கிறிஸ்தவர்கள் மட்டும்தான். முத்தியால்பேட்டை ஹிந்துவை ஒரு கிறிஸ்தவர் விசாரிக்கலாம், அவரை இவர் விசாரிக்கக்கூடாது. ராம்மோகன் ராய் இதைக் கடுமையாக எதிர்த்தார். 1832-இல் சட்டத்தைத் திருத்தி, மத வித்தியாசம் இல்லாமல் இரண்டு ஜூரிகளையும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் சொத்து, அந்தஸ்து, ஆங்கிலம் என்ற சல்லடைகள் அப்படியே இருந்தன. படகு தள்ளினவனும் உப்பளத்தில் வேலை பார்த்தவனும் கடைசிவரை அந்த அறையின் உட்புறத்தைப் பார்க்கவே இல்லை.

சத்தமில்லாமல் போனது

1865-ஆம் வருஷத்து 13-ஆவது சட்டத்தின் மூலம் பிரசிடென்சி நகரங்களில் கிராண்ட் ஜூரி ஒழிந்தது. புதிதாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் சாட்சிகளைக் கேட்டு, ஆதாரம் இருந்தால் செஷன்ஸுக்கு அனுப்பும் வழக்கம் நிலைத்துவிட்டது. மாஜிஸ்திரேட் பார்த்ததையே மறுபடி 23 பேர் பார்க்கவேண்டுமா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். வியாபாரிகளுக்கும் கடையை விட்டுவிட்டு வந்து உட்கார்வதில் பிரியம் இல்லை. இங்கிலாந்திலேயே இதே காரணத்துக்காக 1933-இல் கிராண்ட் ஜூரியை எடுத்துவிட்டார்கள்.

நம் நகரத்தில் பெரும்பாலோருக்கு அது போனது பெரிய இழப்பாக இருந்திருக்க முடியாது. உட்காரவே விடாத நாற்காலியை யாராவது எடுத்துக்கொண்டு போனால் நமக்கு என்ன வருத்தம்?

ராயபுரத்தில் ஒரு தலை

சின்ன ஜூரி இன்னும் 100 வருஷம் இருந்தது. 1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப்பட்டு இறந்த வழக்கில், எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் சென்னை ஹைகோர்ட்டில் ஜூரிதான் குற்றவாளிகள் என்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலை ஆனார்கள்.

நம் பேட்டையோடு சம்பந்தப்பட்டது 1952-ஆம் வருஷத்து ஆளவந்தார் கொலை வழக்கு. மானாமதுரையில் ரயில் பெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டி, அதில் தலையில்லாத உடல். தலை கிடைத்தது ராயபுரம் கடற்கரையில்! அந்த வழக்கும் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில் ஜூரி விசாரணையாக நடந்து 1953-இல் முடிந்தது. ராயபுரத்துப் பெரியவர்கள் அந்தக் கதையை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1958-இல் சட்டக் கமிஷன் ஜூரி வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. 1959-இல் பம்பாயில் நானாவதி வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்று "குற்றவாளி இல்லை" சொல்ல, நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், ஹைகோர்ட் தண்டித்தது. அதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை, கல்கத்தாவில் அதற்கப்புறமும் நடந்தது. 1973-ஆம் வருஷத்து நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோதுதான் முழுவதுமாகப் போனது.

ஒரே ஒரு எச்சம் மட்டும் இருக்கிறது. 1936-ஆம் வருஷத்து பார்சி திருமணச் சட்டத்தில், நீதிபதிக்கு உதவியாக அந்தச் சமூகத்தைச் சேர்ந்த 5 பிரதிநிதிகள் உட்கார இடம் உண்டு. ராயபுரத்தில் பார்சி அக்னி கோயிலைத் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இன்று

அங்கே இன்னும் நடக்கிறது. ஃபெடரல் கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர். 12 பேர் ஒப்புக்கொள்ளவேண்டும். உள்ளே ஜட்ஜ் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. சர்க்கார் வக்கீல் தனக்கு வேண்டிய ஆதாரத்தை மட்டும் காட்டலாம். குற்றம் சாட்டப்படுபவருக்குச் சாதகமானதைக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்று 1992-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. விளைவு? 2010-இல் ஃபெடரல் வழக்குகள் சுமார் 1,62,000. அவற்றில் கிராண்ட் ஜூரி மறுத்தது 11! இதனால்தான், சர்க்கார் வக்கீல் நினைத்தால் ஒரு சாண்ட்விச் மேல்கூடக் குற்றம் சாட்டவைக்கலாம் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஆனால் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரில் ஒருவர் ஃபெடரல் அதிகாரி மேல் உண்மையிலேயே ஒரு சாண்ட்விச்சை வீசி எறிந்தார். அவர்மேல் பெரிய குற்றச்சாட்டு வைக்க சர்க்கார் கிராண்ட் ஜூரியிடம் போனது. ஜூரி முடியாது என்றுவிட்டது. சின்னக் குற்றமாக மாற்றி வழக்கு நடத்தினார்கள். நவம்பரில் சின்ன ஜூரியும் விடுதலை செய்தது. சாதாரண நாட்களில் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி இருப்பது, ஒரு நாள் திடீரென்று கையைத் தூக்கி "நில்" என்கிறது. தினசரி உபயோகம் இல்லாவிட்டாலும், பாய்லரில் சேஃப்டி வால்வை யாரும் கழற்றி வைப்பதில்லையே!

இங்கே வாசலில் யார்?

சரி, நம் ஊரில் இப்போது குற்றச்சாட்டைச் சலிப்பது யார்? 1973-க்கு முன் மாஜிஸ்திரேட் சாட்சிகளை விசாரித்துத்தான் செஷன்ஸுக்கு அனுப்புவார். தாமதம் ஆகிறது என்று அந்த விசாரணையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் காகிதங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புகிறார். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அப்படித்தான். ஆதாரம் போதாது என்றால் செஷன்ஸ் நீதிபதி ஆரம்பத்திலேயே விடுவிக்கலாம். அந்தக் கட்டத்தில் நீதிபதி வெறும் போஸ்ட் ஆபீஸ் இல்லை என்று 1979-இல் நம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வருவதற்குள் ஆள் எத்தனை நாள் உள்ளே இருந்திருப்பார்? 2022-ஆம் வருஷக் கடைசிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 100-க்கு 75.8 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பு வராதவர்கள்!

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். 1982-ஆம் வருஷத்து 14-ஆவது தமிழ்நாடு சட்டம், பேச்சு வழக்கில் குண்டர் சட்டம். விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கலாம். அங்கே வாசலில் நிற்பது ஆலோசனைக் குழு. 7 வாரத்துக்குள் அது அறிக்கை தரவேண்டும். கைதானவர் நேரில் பேசலாம், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. கிராண்ட் ஜூரியிலும் வக்கீல் இல்லை, இங்கும் இல்லை. ஆனால் அங்கே அக்கம்பக்கத்தார் உண்டு. இங்கே அதுவும் இல்லை.

நான் கிராண்ட் ஜூரியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. சாதியும் பணமும் கட்சியும் உள்ள ஊரில் 23 பேரை மூடின அறையில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? என் அபிப்பிராயம் வேறு. அக்கம்பக்கத்தான் நம் சட்டத்திலிருந்து முழுவதும் போய்விடவில்லை. ஒரு சின்ன இடத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். நாம்தான் அவனைக் கவனிப்பதில்லை.

மகஜர் சாட்சி

போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போடும்போது, அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சார்பில்லாத, மரியாதைக்குரிய இரண்டு பேரையாவது கூட வைத்துக்கொள்ளவேண்டும். பழைய சட்டத்தில் 100-ஆவது பிரிவு, புதிய சட்டத்தில் 103. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் அவர்கள் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டுக்காரருக்கு அதன் நகல் தரவேண்டும். இப்போது 105-ஆவது பிரிவின்படி சோதனையை வீடியோவும் எடுக்கவேண்டும். 1166-இல் ஹென்றி கூப்பிட்ட அந்த 12 பேரின் தூரத்துச் சொந்தம்தான் இந்த இரண்டு பேர். குற்றச்சாட்டு பிறக்கும் இடத்திலேயே நிற்கிற ஊர்க்காரர்கள்.

நடைமுறையில் என்ன ஆகிறது? போலீஸ் கூப்பிட்டால் படித்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறோம். "எதுக்கு ஸார் வம்பு? கோர்ட்டுக்கு யார் அலையறது?" அப்போது வாடிக்கையாகக் கையெழுத்துப் போடும் ஆளைத் தேடிப் போகிறார்கள். அவர் எதையும் பார்த்திருக்கமாட்டார். ஸ்டேஷனில் உட்கார்ந்து, நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவார். நிரபராதி மாட்டுவதும் இந்த ஓட்டையில்தான். பிறகு அந்தச் சாட்சி கோர்ட்டில் பல்டி அடித்து, உண்மைக் குற்றவாளி தப்பிப்பதும் இதே ஓட்டையில்தான்.

சோதனைக்கு சாட்சியாக நின்றவர் தனியாக சம்மன் வந்தாலொழிய கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை என்று அதே பிரிவில் இருக்கிறது. எழுத்து மூலம் கூப்பிட்டும் தக்க காரணமில்லாமல் மறுத்தால் குற்றம் என்றும் இருக்கிறது. இந்த இரண்டும் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் ஷாப் ஃப்ளோரில் நிற்கும்போது, "ஸார், சும்மா சைன் பண்ணுங்க, வெல்டு எல்லாம் ஓகேதான்" என்று ஒருவர் காகிதத்தை நீட்டுவார். பார்க்காமல் போடக்கூடாது என்று நம் புரொஃபசர்கள் சொல்லித்தான் அனுப்புவார்கள். தெருவில் மகஜரை நீட்டினாலும் அதே விதிதான். போங்கள், கூட நில்லுங்கள், கண்ணால் பாருங்கள், எழுதியதைப் படியுங்கள். பார்த்தது எழுதப்பட்டிருந்தால் மட்டும் கையெழுத்து. வெற்றுக் காகிதம் என்றால் பணிவாக, "ஸார், எழுதிட்டுக் கொடுங்க, போடறேன்" என்று சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்மன் வந்தால் ஆபீஸ் வேலை, குழந்தை ஸ்கூல் என்று சாக்குத் தேடாதீர்கள். 1665-இல் நம் கடற்கரையில் கூடிய ஜூரியில், செத்துப்போன அந்தப் பெண்ணுக்காக உட்கார ஒரு ஆள் இல்லாமல் போனது. இன்று உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கூப்பிடுகிறார்கள். போய் உட்காருங்கள். 23 பேரில் ஒருவராவது சந்தேகம் கேட்டால், மற்ற 22 பேரும் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.